மைனா உங்களை வரவேற்கிறது

20.1.2026, செவ்வாய். நேற்றும் அட்டவணையைச் சேமிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். சேமித்ததாகத்தான் நினைவு. ஆனால் கோப்பு இல்லை. ஆகவே நினைவுதான் தவறு. சாரிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார்.

டெல்சியின் நாட்குறிப்பில் இப்படியொரு பக்கத்தைத் தேட வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இதுதான்.

உலகத்தில் எத்தனையோ ஊர்கள் கணினி கற்றுக்கொண்டன. கற்றுக்கொண்டதோடு கற்கத் தொடங்கும் இன்பம் அந்த ஊர்களை விட்டுப் போயிற்று. முதல் நாளின் பரவசத்தை ஒருநாளும் இழக்காத ஊர் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூர் சந்தைத் திடலுக்குப் பின்னால், 'எண்ணியல் எழுச்சி மையம்' என்ற பலகைக்குக் கீழே இருக்கிறது.

அந்த எழுச்சியின் வரலாறு சுருக்கமானது. நகரத்து நிறுவனம் ஒன்றில் பன்னிரண்டு கணினிகள் பழசாகிப்போயின. காசு கொடுத்து வாங்கும் இயங்குதளத்தின் புதுப் பதிப்பு அவற்றில் ஏற மறுத்தது. குப்பைக்குப் போக வேண்டியவை கொடைக்குப் போயின. மலைக்கு 'அர்ப்பணிக்கப்பட்ட' அந்தக் கணினிகளில் மைனாவை ஏற்றலாம் என்று யாரோ ஒரு நல்லவர் யோசனை சொன்னார்.

மைனா, லினக்ஸ் வகையைச் சேர்ந்த ஓர் இயங்குதளம். இலவசம். கணினியையே பார்த்திராதவர்களுக்காகச் செய்தது. கடிதம் அடிக்கலாம், கணக்குப் போடலாம், படம் பார்க்கலாம், விளையாடலாம். கிழட்டுக் கணினியிலும் முனகாமல் ஓடும். திறந்தால் திரையில் ஒரு மைனா தலையைச் சாய்த்து, 'மைனா உங்களை வரவேற்கிறது' என்று நல்ல தமிழில் சொல்லும். இந்தக் கதையில் குற்றமே செய்யாத பாத்திரம் ஒன்று உண்டென்றால் அது அந்த மைனாதான்.

அதை ஏற்ற வந்த இளைஞர் ஒவ்வொரு கணினியின் பின்னாலும் ஒரு பென்டிரைவைச் சொருகினார். மைனா வந்தது. அதற்குள் நாடா வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். நாடா வெட்டப்பட்டது, படத்தில் சரியாக விழவில்லை என்று மறுபடியும் வெட்டப்பட்டது. மீதி வேலையை நாளைக்கு முடிப்பதாகச் சொல்லிவிட்டு இளைஞர் கடைசிப் பேருந்தில் மலையிறங்கினார். மறுநாள் அவருக்கு வேறொரு மலையில் வேறொரு நாடா இருந்தது.

மைய ஒருங்கிணைப்பாளர் தாண்டவராயன் சார் சும்மா இருக்கவில்லை. பென்டிரைவ்கள் களவு போகாதிருக்க அவற்றை டேப் போட்டு ஒட்டினார். வைரஸ் நுழையாதிருக்க மற்றத் துளைகளை எம்சீல் வைத்து அடைத்தார். நன்கொடை நிறுவனத்தின் தலைவர் புன்னகைக்கும் உள்ளங்கை அகல ஸ்டிக்கரை, புகைப்படத்தில் தெளிவாக விழ வேண்டும் என்பதால், ஒவ்வொரு திரையின் கண்ணாடிமேலேயே மேல் மூலையில் ஒட்டினார். இணைய இணைப்பு 'ஒப்புதல் பெறப்பட்ட நிலையில்' இருந்தது. அச்சுப்பொறி 'பரிசீலனையில்' இருந்தது. வகுப்பு தொடங்கிற்று.

பயனர்களின் அனுபவங்கள் வியப்பூட்டுபவை. ரஞ்சித்குமார் பகலில் மலைப்பாதையில் ஜீப் ஓட்டுபவன். மாலையில் மைனாவில் வண்டிப் பந்தயம் ஓட்டுபவன். தினமும் மூன்றாவது சாலைவரை முன்னேறுவான். மறுநாள் வந்து பார்த்தால் வண்டி புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். கஷ்டமான விளையாட்டு என்று அதன்மேல் அவனுக்கு மரியாதை பெருகிக்கொண்டே வந்தது. மகளிர் குழுத் தலைவி நீலாவதி, திரையில் இருக்கும் மைனாவை எடுத்துவிட்டு மயிலை வைப்பார். மறுநாள் மயில் போய் மைனா வந்திருக்கும்.

"எங்க வூட்டு மருமவன் மாதிரி இது," என்பார். "எத்தினி வாட்டி தொரத்தினாலும் காலையில வந்து தலைய சாய்ச்சிக்கினு நிக்குது."

டெல்சிக்கு மட்டும் இதில் வியப்பில்லை, பயம்தான் இருந்தது. அவள் பகலில் புளி மண்டியில் கொட்டை எடுப்பவள். சந்தவாசலிலிருந்து அப்பா வேலை தேடி மலையேறியபோது கூட வந்தவள். ஊரில் புதிதாக வந்த சாமை கொள்முதல் மையத்தில் கணினிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. சான்றிதழ் வேண்டாம், ஊர்வாரியாகக் கொள்முதல் அட்டவணை ஒன்றைச் சொந்தமாகச் செய்து எடுத்து வா, ஜனவரி 23 வெள்ளிக்கிழமை பார்க்கிறேன் என்று அங்கிருந்த மேலாளர் சொல்லியிருந்தார். அட்டவணை இருந்தால் நாற்காலி, இல்லையென்றால் புளி.

எனவே டெல்சி ஒவ்வொரு மாலையும் அட்டவணை செய்தாள். ஒவ்வொரு மறுநாளும் அது காணாமல் போயிருந்தது. கணினி தவறு செய்யும் என்று நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தவறு செய்வதற்குத் தன்னைவிடப் பொருத்தமான ஆள் அந்த அறையில் இல்லை என்பது அவள் தீர்மானம். அதனால் முறையாகத் திருந்தப் பார்த்தாள். சேமிக்க வேண்டிய படிகளை அட்டையில் எழுதித் திரையின் அடியில் சாய்த்து வைத்தாள். சேமித்தபின் கோப்பை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தாள். கடைசியில் நீலாவதியையே சாட்சிக்குக் கூப்பிட்டாள்.

"நான் பாத்தேன்டி, நீ அமுக்கினத," என்று நீலாவதி உறுதி சொன்னார். மறுநாள் கோப்பு இல்லாதபோது, "அப்போ ரெண்டு பேருக்கும் கண்ணு சரியில்ல" என்றும் அவரே சொன்னார்.

சாரிடம் போய் நின்றால் அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். "பரவால்லம்மா. தப்பு பண்றவங்களுக்காகத்தான் இந்த மையமே கீது," என்பார். பிறகு தன் அறிக்கையில் 'பயனர் தவறு' என்று எழுதி, எதிரே 'மன்னிக்கப்பட்டது' என்றும் எழுதுவார். இவ்வளவு பெருந்தன்மையான அலுவலரை அந்த மலை அதற்குமுன் கண்டதில்லை.

புதன்கிழமை மலையில் பகலெல்லாம் பனிமூட்டம். அறைக்குள் ஈரம் கோத்திருந்தது. டெல்சி கணினியைத் திறந்தபோது நிறுவனத் தலைவரின் ஸ்டிக்கர் ஒரு முனையில் பிரிந்து, புன்னகை பாதியாக மடிந்து தொங்கியது. திரும்ப ஒட்டுவதற்காக விரலை வைத்தாள். அடியில் எழுத்துகள் தெரிந்தன.

'நீங்கள் மைனாவைச் சோதித்துப் பார்க்கிறீர்கள். இங்கே நீங்கள் செய்யும் எதுவும் கணினியை அணைத்தபின் தங்காது. தங்க வேண்டுமானால், கீழே நிறுவு என்பதை அழுத்துங்கள்.'

அதற்குக் கீழே ஒரு பச்சைப் பொத்தான்.

தனக்குத் தமிழ் சரியாகப் புரியவில்லையோ என்ற சந்தேகம் முதலில் வந்தது. மறுபடியும் படித்தாள். அப்படியும் நம்பாமல் ரஞ்சித்குமாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தான்.

"இன்னா டெல்சி, அப்போ நான் இத்தினி நாளா ஓட்டின ரோடெல்லாம்?"

"அணைச்சதோட போச்சுண்ணா."

மலைப்பாதையில் பிரேக் பிடிக்காதபோதுகூட அவன் அப்படி முகம் வெளுத்ததில்லை.

டெல்சி சாரிடம் போனாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் முகத்தை முன்கூட்டியே கனிவாக வைத்துக்கொண்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மைனா கணினிக்குள்ளேயே குடியேறிவிடும், எல்லாம் தங்கும். அனுமதி மட்டும் வேண்டும் என்றாள்.

"தெரியும்மா," என்றார் சார்.

டெல்சிக்குக் காதில் விழுந்தது. புரியச் சற்று நேரமாயிற்று.

"தெரியுமா சார்?"

"மொத வாரமே தெரியும். ஒக்காரு. இந்தத் திட்டத்தோட பேரு இன்னா? 'தொடக்கநிலைப் பயனர் திட்டம்'. நிறுவிட்டா இன்னா ஆவும்? எல்லாம் தங்கும். தங்கினா நீங்கல்லாம் கத்துக்குவீங்க. கத்துக்கிட்டா தொடக்கநிலை கெடையாது. ரெண்டாம் நிலைக்கு ஃபண்டும் கெடையாது. மையத்த இழுத்து மூடிடுவாங்க. ஒங்க நல்லதுக்குத்தான்மா சொல்றேன்."

"நான் தெனம் வந்து மன்னிப்புக் கேட்டேனே சார்."

"நான் ஒருநாளாவது மன்னிக்காம இருந்திருக்கேனா?"

அவர் உண்மையிலேயே மன்னிக்காமல் இருந்ததில்லை. ஸ்டிக்கரைப் பழையபடி ஒட்டிவிடச் சொன்னார். நாளைக்கு அதிகாரி வருகிறார், தலைவர் மடங்கித் தொங்கினால் நன்றாக இருக்காது. டெல்சி ஒட்டினாள். ஓரத்தை மட்டும் அழுத்தவில்லை.

வியாழக்கிழமை மாலை 'பயனர் அனுபவ மதிப்பீட்டு அலுவலர்' விஜயராஜ் காரில் மலையேறி வந்தார். வளைவுகள் அவர் வயிற்றைக் கலக்கியிருந்தன. ஆனாலும் கடமை அவரைத் தாங்கிப் பிடித்தது. பயனர்கள் யாவரும் தங்கள் அனுபவத்தைத் தாங்களே கணினியில் அடிக்க வேண்டும், காகிதத்துக்கு இங்கே வேலையில்லை என்று அறிவித்தார். பென்டிரைவில் எடுத்துப் போய்க் காலையில் தலைமையகத்தில் சேர்க்க வேண்டுமாம். அதற்காக ஒவ்வொரு கணினியிலும் ஒரு துளையின் எம்சீல் ஸ்க்ரூடிரைவரால் அரசு மரியாதையோடு பெயர்த்தெடுக்கப்பட்டது.

எல்லோரும் ஒற்றை விரலால் அடித்தார்கள். 'தினமும் விளையாட்டு புதிதாக இருக்கிறது' என்று ரஞ்சித்குமார் அடித்தான். 'மைனா எங்களை மறப்பதில்லை. நாங்கள்தான் மறக்கிறோம்' என்று சார் சொல்லச் சொல்ல நீலாவதி அடித்தார். அலுவலர் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று படித்தார்; அவருக்குக் கண் பனித்தது. இத்தனை மாதங்களாகியும் ஒருவர்கூடத் தொடக்கநிலையைத் தாண்டாத மையத்தைத் தாம் வேறெங்கும் பார்க்கவில்லை என்றும், 'சிறந்த தொடக்க மையம்' விருதுக்குப் பரிந்துரைக்கப்போவதாகவும் சொன்னார். விருதோடு திட்டம் இன்னும் ஓராண்டு நீட்டிக்கப்படும் என்றார். சார் கைகளைக் கட்டிக்கொண்டு பணிவாகக் குனிந்தார்.

டெல்சியிடம் வந்தபோது அவள் திரை வெறுமையாக இருந்தது.

"உங்க அனுபவம் என்னம்மா?"

"இன்னும் ஆரம்பிக்கல சார்."

"பிரமாதம். அதையே அடிங்க."

அப்போது கரண்ட் போனது.

யூபிஎஸ் மூன்று முறை கத்திவிட்டு அடங்கிற்று. திரும்பக் கரண்ட் வந்தபோது பன்னிரண்டு மைனாக்களும் ஒன்றுபோலத் தலையைச் சாய்த்து அலுவலரை வரவேற்றன. அனுபவங்கள் ஒன்றும் இல்லை.

"சேவ் பண்ணீங்களா?" என்றார் அலுவலர்.

பண்ணினோம் என்றார்கள் எல்லோரும். அவர் ஒவ்வொரு கணினியாகத் தேடினார். காலையில் தலைமையகத்தில் தம்மிடம் அறிக்கையை எதிர்பார்த்திருப்பவர்களின் முகங்கள் அவர் முகத்தில் வரிசையாக வந்து போயின. சார் மெதுவாக, இது பயனர் தவறு என்றும், தாம் மன்னித்துவிடுவதாகவும் சொன்னார்.

டெல்சி எழுந்தாள். இதிலும் தன் தவறு ஏதாவது இருக்கக்கூடும் என்று கடைசியாக ஒருமுறை யோசித்துப் பார்த்தாள். பிறகு ஸ்டிக்கரை அழுத்தாமல் விட்ட ஓரத்திலிருந்து முழுதாக உரித்து, தலைவரை மேசைமேல் மல்லாக்க வைத்தாள்.

"படிங்க சார்."

அலுவலர் படித்தார். சாரைப் பார்த்தார். சார் எம்சீல் துண்டைப் பார்த்தார்.

"இப்பவே நிறுவுங்க," என்றார் அலுவலர். பிறகு தன்னைத் திருத்திக்கொண்டார். "ஒரே ஒரு மெஷின்ல. பரீட்சார்த்த முறையில. இது அறிக்கையில வர வேணாம்."

டெல்சி பொத்தானை அழுத்தினாள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மைனா குடியேறிவிட்டது. பென்டிரைவைப் பிடுங்கினாலும் போகவில்லை. அணைத்துத் திறந்தாலும் போகவில்லை. இத்தனை மாத எழுச்சிக்கும் குறுக்கே நின்றது அந்த ஒரு டீ நேரம்தான்.

அனுபவங்களைத் திரும்ப அடிக்கும் பொறுப்பு, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்பவள் என்ற காரணத்தால், டெல்சிக்கே கொடுக்கப்பட்டது. அலுவலர் காரில் போய்ப் படுத்துக்கொண்டார். அவருக்கு இன்னும் வயிறு அடங்கவில்லை. டெல்சி முதலில் சாமை அட்டவணையை அடித்தாள். தினமும் செய்து மனப்பாடமாகியிருந்ததால் விரல்கள் தாமாகவே ஓடின. ஒரு விதத்தில் திட்டம் அவளுக்கு நல்ல பயிற்சி கொடுத்திருந்தது என்பதை மறுக்க முடியாது. சேமித்தாள். அணைத்தாள். திறந்தாள். அட்டவணை இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரஞ்சித்குமார் ஓடிப்போய் ஜீப்பில் பாட்டுப் போடும் பென்டிரைவை எடுத்து வந்தான். "இந்தா, கானாப் பாட்டெல்லாம் கீது. ஓரமா வெச்சி எட்த்துக்கினு போ."

அதன்பிறகு அனுபவங்களை அடித்தாள். எல்லாப் புகழுரைகளையும் அவரவர் சொல்லச் சொல்ல ஒரு சொல் மாறாமல் அடித்தாள். விருதுக்கு அவை தேவைப்படும். அலுவலர் எடுத்துக்கொண்டு மலையிறங்கினார். சார் அவள் பக்கத்தில் வந்து நின்றார். பழக்கத்தில் எதற்கோ காத்திருப்பவர்போல முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு நின்றார். டெல்சி, "போய்ட்டு வர்றேன் சார்" என்று மட்டும் சொன்னாள். அன்று கதவைப் பூட்டும் முறை நீலாவதியுடையது. சாவி அவர் முந்தானை முடிச்சில் இருந்தது. பூட்டியபின் வழியில் டெல்சி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

22.1.2026, வியாழன். இன்று தவறு நடந்தது. என்னுடையது இல்லை. மன்னிக்கவும் இல்லை.

நாளைய வேலை: காலையில் சாமை மையத்துக்கு அட்டவணையோடு போவது. மாலையில் சார் வருவதற்கு முன் மையத்தைத் திறந்து, மீதிப் பதினொரு தலைவர்களையும் உரித்துவிட்டு, நிறுவுவது.