நூறு வந்ததும் வா

உடம்பு அனலாய்க் கொதிக்கும்போது, "காய்ச்சலே இல்லை" என்று டாக்டர் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஒரு காட்டில் மரிக்கொழுந்து என்று ஒரு முயல் இருந்தது. அதன் குட்டியின் பெயர் கடுகு. ஒருநாள் கடுகுக்குக் காய்ச்சல். பால் குடிக்கவில்லை, காதைக்கூட ஆட்டவில்லை. தூக்கிக்கொண்டு கரடி டாக்டரிடம் ஓடியது.

கரடி டாக்டருக்குத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் இல்லை. பழைய தெர்மாமீட்டர் உடைந்துபோய், டவுனிலிருந்து புதுசு வந்திருந்தது. பழையது ஃபாரன்ஹீட், புதுசு நூற்றுப்பத்து வரை போகிற செல்சியஸ். அக்குளில் வைத்துப் பார்த்தார். முப்பத்தொன்பது.

"நம்ம காட்டில் நூறைத் தாண்டினால்தான் காய்ச்சல். இது பாதிகூட வரலையேம்மா."

"ஐயா, இது வேற கணக்கு. ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டுங்க. நூற்றிரண்டு வரும்."

"பெருக்கினால் எதுதான் ஏறாது? எல்லார் காய்ச்சலையும் பெருக்கினால் மருந்துக்கு எங்கே போறது?"

"பெருக்கினது பத்தாதுன்னு கூட்டவும் வேணுமாம்" என்று சிரித்தது கம்பவுண்டர் கொக்கு.

தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்து, "வெளியே உட்கார். நூறு வந்ததும் வா" என்றார் டாக்டர்.

குட்டி மடியில் முனகியது. அழுது பார்க்கலாமா என்று மரிக்கொழுந்து யோசித்தது. கண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்பார்கள். எதிரே முள்ளம்பன்றி மாஸ்டரின் டீக்கடையில் வெந்நீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், இதைக் கொஞ்சம் முக்கிக்கிறேன்."

"முக்கிக்கோ தாயி. டீ வேணுமா?"

"நூறு வேணும்."

வந்தது. எண் இறங்குவதற்குள் ஒரே தாவலில் உள்ளே போய் நீட்டியது.

"நூறா! முன்னாடியே தூக்கிட்டு வரவேண்டாமா? என்ன தாய் நீ!" என்று திட்டிக்கொண்டே டாக்டர் மருந்து ஊற்றினார். சாயங்காலமே கடுகு எழுந்து, டாக்டர் வீட்டு முள்ளங்கியைத் தின்றது.

மறுவாரம் டாக்டருக்கே காய்ச்சல். கொக்கு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தது.

"முப்பத்தொன்பதுதான் ஐயா. உங்களுக்குக் காய்ச்சல் இல்லை."

"அடேய், நான் நடுங்குறேன்டா!"

"நடுக்கத்துக்கு நம்மகிட்ட மருந்து இல்லை ஐயா" என்று அலமாரிச் சாவியை இறக்கைக்குள் செருகிக்கொண்டது.

நூறு எங்கே கிடைக்கும் என்று அதற்குள் காடு முழுக்கத் தெரிந்திருந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு டாக்டர் டீக்கடைக்கு நடந்தார். தெர்மாமீட்டரை நீட்டி, பல் தந்தியடிக்கக் கேட்டார்:

"மாஸ்டர், சர்க்கரை வேண்டாம். ஒரு நூறு மட்டும் போட்டுக் குடுங்க."

நீதி: காய்ச்சல் உடம்பில் இருந்தால் போதாது, டாக்டருக்குத் தெரிந்த எண்ணிலும் இருக்க வேண்டும். ஆகவே வீடு பார்க்கும்போது, தயவுசெய்து டீக்கடைக்குப் பக்கத்தில் பாருங்கள்.