உலகநாதன் சாய்கோடுகளைப் புரட்டிய போர்

மறைமலைநகரின் இரும்புத்தூள் மணக்கும் தெருவில், கார்களுக்குப் பல்சக்கரம் வெட்டும் தொழிற்சாலையின் எந்திரக்கூடத்துக் காவலன், கூடுவாஞ்சேரி ஒற்றையறைக் கோமான், லினக்ஸ் என்னும் கம்ப்யூட்டர் இயக்குமுறையின் பென்குயின் கொடியை உயர்த்திப் பிடித்தவன், பதினெட்டுத் திங்களாய்த் தற்காலிக ஊழியனாகவே தவம் கிடந்த உலகநாதன், இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டின் ஒரு பிற்பகலில் செய்த போரைச் சொல்லப் போகிறோம். விசைப்பலகைகளே, சற்று ஓசை அடங்குங்கள். கூரையோரம் ஓடும் நீலக் கேபிளே, நீயே சாட்சி.

மணி நாலேகால். மேலாளர் காசிநாதன், மார்பில் கண்ணாடி ஊசலாட, எந்திரத்தின் முன் நின்று திருவாய் மலர்ந்தார்.

"புது கியர் அஞ்சரைக்குள்ள மெஷின்ல ஓடணும்பா. ஓடுனா உன் பர்மனென்ட் லெட்டர்ல கையெழுத்து. நாளைக்கு நான் பூனா போறேன், திரும்ப ஒரு மாசம் ஆவும்."

அந்தப் பல்சக்கரத்தின் வரைபடமோ சுவருக்கு அப்பால், நாற்பதடி தொலைவில், வரைபட அறை ரேணுகாவின் கம்ப்யூட்டரில், விண்டோஸ் என்னும் வேற்றுநாட்டில் துயின்றது. நடந்து போய் வாங்கலாம். ஆனால் இரண்டு அறைக் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் நீலக் கேபிளைத் தன் கையால் இழுத்துக் கட்டிய வீரனுக்கு நடப்பது இழுக்கல்லவா? போனில் கேட்டான். வீட்டுக்கு வழி சொல்வதுபோல் ரேணுகா சொன்னாள்: "டி டிரைவுக்குள்ள போண்ணா. புது வேலைன்னு ஒண்ணு கீது. அதுக்குள்ள கடைசி கியர்."

உலகநாதனின் நாட்டில் டி என்றொரு கோட்டையே இல்லை. அங்கே எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. எனவே அந்தக் கோட்டையை இடித்து, அவ்விடத்தில் ரேணுகாவின் கம்ப்யூட்டர் பெயரைக் கல்வெட்டாய் நாட்டினான். அடுத்து எதிர்ப்பட்டது, பாதையில் பெயருக்குப் பெயர் வேலியாய் நிற்கும் சாய்கோட்டுப் படை. அவள் நாட்டில் இடப்புறம் மல்லாந்து கிடக்கும் கோடுகளை அவசரத்தில் அப்படியே தட்டிவிட, லினக்ஸ் அவற்றை ஏப்பம்கூட விடாமல் விழுங்கி, பெயர்களை ஒரே மூட்டையாய்க் கட்டித் திருப்பி எறிந்தது. சினங்கொண்ட உலகநாதன் ஒவ்வொரு கோட்டையும் குடுமி பிடித்து வலப்புறம் புரட்டினான். அப்போதும் பகை ஓயவில்லை. 'புது'வுக்கும் 'வேலை'க்கும் நடுவே ஓரெழுத்தளவு வெற்றிடம் பள்ளமாய்க் கிடக்க, அதில் தடுக்கிய லினக்ஸ் புதுவைத் தனியாகவும் வேலையைத் தனியாகவும் தேடித் திரிந்தது. இருபுறமும் மேற்கோள்குறிகளை வாயிற்காவலராய் நிறுத்தி அந்தப் பள்ளத்தையும் வென்றான்.

பக்கத்து லேத்தில் வடை தின்றுகொண்டிருந்த ரமேஷ் எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, பக்கத்து ரூமுக்குப் பாஸ்போர்ட் எடுத்துகினு கீறியா?"

மாவீரர் ஏச்சுக்குச் செவி கொடுப்பதில்லை. ஐந்து மணி மூன்று நிமிடத்துக்கு, பிழையற்ற பாதையைக் கண்ணுற்று, கடைசி அம்பாய் என்டரை ஏவினான். அப்படி ஒரு கம்ப்யூட்டரே இல்லை என்றது திரை. மீண்டும் ஏவினான்; மீண்டும் இல்லை. போன் அடித்தான், எடுப்பாரில்லை. சாய்கோட்டைப் புரட்டினான், காவலரை மாற்றினான், கேபிளின் கழுத்தைத் திருகினான். மணி ஐந்து பதினாறு. பர்மனென்ட் என்னும் பொன்மகள் பூனா ரயிலேறும் காட்சி கண்முன் விரிய, மானத்தைத் துறந்து, மாமல்லைக் கரைப்பாறை மீது பாயும் அலைபோல் நாற்பதடியையும் ஓடிக் கடந்தான்.

அங்கே என்ன கண்டான்! ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் முதல் ஆரன் அடித்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, பூப்போட்ட துணி உறை மாட்டித் தூங்கவைப்பது வரைபட அறையின் வழக்கம். டிபன் பாக்ஸைக் கழுவி வந்து, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டி நின்ற ரேணுகா நிமிர்ந்தாள்.

"ஆரன் அடிச்சிச்சேண்ணா, மூடிட்டேன். நீ எடுக்கிற வரைக்கும் இது ஓடிகினே இருக்கணுமா? சொல்லவே இல்லியே."

இடியுண்ட பனைபோல் நின்றான் சாய்கோடு சாய்த்த செம்மல். அவன் வென்ற போர்களனைத்தும், அவன் நாட்டிய கல்வெட்டும், நிறுத்திய காவலரும், நாலடிப் பூந்துணிக்குக் கீழே குறட்டைகூட விடாமல் கிடந்தன.

ரேணுகா உறையை எடுத்து, கம்ப்யூட்டரைப் போட்டு, வரைபடத்தை ஃபிளாப்பியில் ஏற்றிக் கொடுத்தாள், ஐந்து இருபத்தெட்டுக்கு மெஷின் ஓடியது, காசிநாதன் கையெழுத்துப் போட்டார்.