விமான நிலையத்தின் பழைய போலீஸ் கார்

நகர விமான நிலையம்,
ஹார்லோ, கான்சஸ்.

அன்புத் தங்கை மெர்னாவுக்கு,

அண்ணன் ஆர்லன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஓடுபாதையும் நலம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் தக்காளிச் செடிகளும் செழிப்பாக இருக்க ஆண்டவர் அருள்வாராக.

விஷயத்துக்கு வருகிறேன். இறங்குகிற விமானிகளுக்கு இரவல் கொடுக்கிற நிலையத்துக் காரை விற்பதா வேண்டாமா என்று திங்கட்கிழமை நகர மன்றத்தில் ஓட்டெடுப்பாம். உங்கள் ஐந்து பேரில் இரண்டு பேர் விற்கலாம் என்கிறார்கள், இரண்டு பேர் கூடாது என்கிறார்கள். மிச்சம் நீதான். கார் போய்விட்டால், கோதுமை வயலுக்கு நடுவே இறங்குகிற விமானி சாப்பிட ஊருக்குள் எப்படிப் போவான்? இறங்கவே மாட்டான். ஒருவரும் இறங்காத நிலையத்தை நீங்களே உழுது போட்டுவிடுவீர்கள்.

காரால் தொல்லை என்று உன் சகாக்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. போலீஸ் கழித்துக் கட்டிய வண்டி, கதவிலிருந்த போலீஸ் நட்சத்திரச் சின்னத்தை எவ்வளவு சுரண்டியும் தழும்பு போகவில்லை. டென்வரிலிருந்து பறந்து வந்த பல் டாக்டர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு ஓப்பலின் உணவகத்துக்குப் போக, அங்கே வேலித் தகராறில் கைகலக்க இருந்த ஷ்ரேடர் சகோதரர்கள் ஜன்னல் வழியே காரைப் பார்த்துவிட்டு அவரிடமே வழக்கைச் சொல்ல, அவரும் மரியாதைக்குக் கேட்டுத் தீர்ப்பும் சொல்லிவிட்டு, திரும்பும்போது மழை பிடிக்க, வைப்பர் என்று நினைத்து சைரனைத் தட்டிவிட்டார். நம் ஊர்ப் போலீஸ்காரர் வெய்ன் தனக்குத் தெரியாத பெரிய கேஸ் என்று நிலையம் வரை பின்னாலேயே வந்து, "திருடன் எந்தப் பக்கம் ஓடுனான் சார்?" என்று டாக்டரிடமே கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்து, "நான் கேட்டது பொரிச்ச கோழி ஒண்ணுதாங்க" என்றார்.

அதெல்லாம் இருக்கட்டும். உன் அண்ணி லவோனும் முதன்முதலில் வந்தபோது இதற்கு முந்தைய காரை எடுத்துக்கொண்டு போனவள்தானே. புயலுக்குப் பயந்து தன் மஞ்சள் விமானத்தை இங்கே இறக்கினாள்.

"சாவி?" என்றாள்.

"வண்டியிலயே கிடக்கும்."

"யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?"

"இதையா?"

சிரித்துக்கொண்டே போனவள் பொழுது சாயும்போதுதான் வந்தாள். ஓட்டிய அளவுக்குப் பெட்ரோல் போட்டுவைப்பது இங்கே வழக்கம். டாங்கை முழுக்க நிரப்பி, எனக்கும் ஒரு பொட்டலம் சாப்பாடு வாங்கி வந்தவள் அவள் ஒருத்திதான். விடுவேனா? அவள் கண்ணை மூடிய பிறகு எனக்கு நாள் நகரவில்லை, மெர்னா. விமானச் சத்தம் கேட்டால் இன்றும் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொள்கிறேன். சாவி கேட்டு யாராவது வந்தால்தான் பேச ஆள் கிடைக்கிறது. அதையும் விற்றுவிடாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. கர்த்தர் உன் கையைச் சரியான நேரத்தில் தூக்க வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஆர்லன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மன்றத்து எழுத்தர் டார்லா போன் செய்தாள். "நிலையத்தப் பாத்துக்க நகரம் உங்களுக்குச் சம்பளம் குடுக்குதுல்ல, அதனால உங்க தங்கச்சி இதுல ஓட்டுப் போடக்கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. ரெண்டுக்கு ரெண்டுன்னா தீர்மானம் தோத்துடும். கார் எங்கயும் போகாது" என்றாள். அதோடு விட்டாளா? "மெர்னா விக்கிற பக்கந்தான் இருந்தாங்க, தெரியும்ல?" என்று வேறு கேட்டாள். எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லிவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. எனக்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம். என் தங்கையாகப் பிறந்ததே போதும்.