ஆஃப் ரோடு மாப்பிள்ளை

இமயமலைக்குப் போவதற்கென்று மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் செஞ்சியைத் தாண்டுவதில்லை. மீதிப் பேர் செஞ்சிக்கே போவதில்லை. நான் இரண்டாவது ரகம். திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டு வரை என் வண்டி தினமும் போய்வந்தது. மழை பெய்தால் ஸ்டாண்டில் கொஞ்சம் சேறு இருக்கும். அந்தச் சேற்றை நம்பித்தான் நான் என்னை ஒரு சாகசக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. போகவர ரயிலில் செல்போன் வீடியோ. தாடி வைத்த ஒருவன் பனியில் வண்டி ஓட்டுவான், ஓடையைக் கடப்பான், பிறகு ஒரு பாறைமேல் உட்கார்ந்து வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்வான். அவனுக்கு வேலைவெட்டி எதுவும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நானும் தாடி வளர்த்தேன். (அது கன்னத்தில் வரவில்லை. தாடையில் மட்டும் வந்தது. அம்மா அதை ஆட்டுத்தாடி என்றார்.)

தார் ரோட்டிலும் ஓடும், ரோடே இல்லாத இடத்திலும் ஓடும் என்று சொல்லி விற்கிற வண்டி ஒன்றை வாங்கினேன். அதில் உட்கார்ந்தால் என் கால் கட்டைவிரல்கள் மட்டும்தான் தரையைத் தொட்டன. புத்தியுள்ளவன் சீட்டைத் தாழ்த்துவான். நான் வண்டியை இன்னும் உயர்த்தினேன். கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. ஒரு கிறுக்குத்தனத்துக்குப் பெயர் இருந்துவிட்டால் போதும், நான் செய்துவிடுவேன்.

விழுப்புரத்தில் பாபு என்று ஒரு மெக்கானிக் எனக்கு வாய்த்தான். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன். இஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு, முன்பக்கம் கம்பி வளையம், கைப்பிடிக்குக் கவசம், குமிழ்குமிழாக ரப்பர் துருத்திய டயர், லாரிக்காரனே கண்ணை மூடிக்கொள்கிற அளவுக்கு விளக்குகள். "இது எதுக்கு பாபு?" என்று எப்போதாவது கேட்டால், "லுக்குண்ணா" என்பான். அவன் வாழ்நாளில் மண்ரோட்டில் ஓட்டியது அவன் மாமனாரின் டிவிஎஸ்ஸை மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது.

தூரப்பயணம் போகிற வண்டிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி வேண்டும். வெளிநாட்டுப் பெட்டி எனக்குக் கட்டுபடியாகாது. பாபு தனக்குத் தெரிந்த ஒரு பீரோ செய்கிற கடைக்கு அழைத்துப் போனான். அந்தக் கடைக்காரருக்குப் பெட்டி என்றாலும் பீரோதான், அலமாரி என்றாலும் பீரோதான். இரும்புத் தகட்டில் இரண்டு குட்டிப் பீரோக்கள் செய்து, திருகுகிற வெள்ளைக் கைப்பிடி வைத்து, கதவில் ஒரு தாமரைப்பூவும் வரைந்து கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு திண்டிவனம் வந்தால் வழியெல்லாம் "யாரு வூட்டுக்குப்பா சீர் எடுத்துக்கினு போற?" என்று கேட்டார்கள். தாமரையின் மேல் "ஆஃப் ரோடு" என்று ஆங்கிலத்தில் பெரிய ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தேன். ஒரு பெட்டியின் மேல் பெட்ரோல் கேன் வைத்துக் கட்டினேன். என் வண்டி இமயமலைக்குத் தயார்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு ஊர். பெண் பெயர் செல்வி, பி.எட். முடித்திருந்தாள். அவளுடைய அப்பா குடித்துக் குடித்தே இறந்துபோனவர். பெரியப்பா பலராமன்தான் வளர்த்தார், கரும்பு வைத்திருக்கிற மனிதர். நகை வேண்டாம், வேலை எதுவானாலும் சரி, மாப்பிள்ளை குடிக்கக் கூடாது, அது ஒன்றுதான் அவருடைய நிபந்தனை. என் தாய்மாமா ஏழுமலை சத்தியம் செய்தார். "பையன் தொட மாட்டாங்க. அவங்கிட்ட சொல்லிக்கிற மாதிரி இருக்கிறது அது ஒண்ணுதான்." செல்வியை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் வண்டியைப் பார்த்துவிட்டு அவள் என்னிடம் தனியாகக் கேட்ட ஒரே கேள்வி, "ஏறதுக்கு ஏணி தனியா எடுத்துக்கினு போவீங்களா?" என்பது. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன் என்பதிலிருந்து என் அறிவை அளந்துகொள்ளலாம்.

சித்திரையில் பெண்ணுக்குப் பூ வைக்க நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டோடு போய்ப் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. எல்லாரும் வேனில் கிளம்பினார்கள். பூ வேனில் போனால் புழுக்கத்தில் வாடிவிடும், என் பெட்டியில் காற்றுக்கூட நுழையாது, நான் கொண்டுவருகிறேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். பந்துபந்தாக மல்லியும் கதம்பமும். அம்மா என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். "ராகு காலத்துக்கு முன்னாடி வந்து சேரு. பூ இல்லாம நாங்க அங்க போயி என்னாத்த வைக்கிறது" என்றார்.

சாதாரணமாகச் சட்டைவேட்டியில் போயிருக்கலாம். நான் முழங்கால் வரை வருகிற பிளாஸ்டிக் பூட்ஸ், முட்டிக்கவசம், முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் எல்லாம் மாட்டினேன். முதுகில் தண்ணீர்ப் பை. அதிலிருந்து ஒரு டியூப் தோள்வழியாக வந்து வாயருகே நிற்கும், ஓட்டிக்கொண்டே உறிஞ்சலாம். அதில் எலுமிச்சம்பழமும் உப்பும் கலந்த தண்ணீர். பூ கொண்டுபோகிறவன் இப்படிப் போகிற வழக்கம் எந்த ஜாதியிலும் கிடையாது.

விழுப்புரம் தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலத்தருகே வண்டியை நிறுத்திப் படம் எடுத்தேன். கீழே ஆறு வறண்டு கிடந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மணல். அக்கரையில் செல்வியின் ஊர்த் தென்னைகள் தெரிந்தன. பாலத்தில் போனால் பத்து நிமிடம். ஆனால் பாலத்தில் ஆட்டோவும் போகும், பள்ளிக்கூட வேனும் போகும். இத்தனை இரும்பை மாட்டிக்கொண்டு பாலத்தில் போனால் தாடிக்காரன் என்ன நினைப்பான்? ஆற்றில் இறக்கினேன்.

மணலில் போகும்போது டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். எவ்வளவு என்று அவன் சொல்லும் சமயம் ரயில் மதுராந்தகத்தில் நின்று செல்போன் சிக்னல் போய்விட்டது. அதனால் நான் கையோடு கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். பாதி ஆறுவரை வண்டி போனது. பிறகு முன்சக்கரம் தன்பாட்டுக்கு ஒரு பக்கம் திரும்பியது. நான் பிரேக்கைப் பிடித்தேன், காலை ஊன்றினேன், காலுக்கு எட்டிய இடத்தில் தரை இல்லை. இரண்டு பீரோக்களோடும் வண்டி என்மேல் படுத்துக்கொண்டது.

மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை வெட்டிவிட்டு வந்த மூன்று பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் குனிந்து ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, என்னா ஆச்சி?"

"ஒண்ணும் இல்லக்கா. ஆஃப் ரோடு."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அது எப்படிக் கேட்டதோ. "ஆஃப் போட்டியா?" என்றார். எங்கள் பக்கத்தில் ஆஃப் என்றால் அரை பாட்டில் சாராயம், பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அந்த நேரத்தில் தெரியவில்லை.

"ஆமாக்கா. இதான் மொத தடவ."

"மொத தடவையே ஆஃபா? குவாட்டர்ல ஆரம்பிக்கக் கூடாதா?"

அவர் ஏதோ வண்டிப் பழக்கம் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து, "அடுத்த மாசம் இமயமலை போறேன்க்கா, அங்க தெனமும் இதான்" என்றேன்.

"அங்க சீப்பா?" என்று கேட்டார் இன்னொருவர்.

மூவரும் சேர்ந்துதான் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். தாகம் தாங்காமல் நான் டியூபை வாயில் வைத்து உறிஞ்சினேன். மூத்தவர் முகத்தில் கை வைத்துக்கொண்டார். "வுழுந்தும் வுடல பாரு. டியூப் போட்டு குடிச்சிக்கினு கீறான்" என்று சொல்லியபடி மூவரும் அக்கரைக்கு நடந்தார்கள். அவர்கள் செல்வியின் தெருக்காரர்கள் என்பதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

என் பீரோக்களில் கோடாரி இருந்தது, கயிறு இருந்தது, பாம்புக்கடிக் கட்டுகூட இருந்தது. காற்றடிக்கும் பம்பு மட்டும் இல்லை. சப்பிய டயரோடு தள்ளியும் ஓட்டியும் நான் போய்ச் சேர்வதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்விட்டது.

பந்தலில் இரண்டு அணியாக நின்றார்கள். வேனில் வந்த என் சொந்தங்கள் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம். நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வண்டியிலிருந்து இறங்கினேன். அந்த பூட்ஸில் நேராக நடக்க முடியாது, கால் வீங்கியும் இருந்தது. இரண்டு தப்படி தள்ளாடிப் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டேன். கண் இரண்டும் மணல் பட்டுச் சிவந்திருந்தன. பெட்ரோல் கேன் ஒழுகிச் சட்டை நனைந்திருந்தது.

"ஆத்து வழியாவா வந்தீங்க?" என்று கேட்டார் பலராமன்.

"ஆமாங்க. ஆஃப் ரோடு வந்ததுல லேட்டாயிடுச்சி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஏழுமலை மாமா ஓடிவந்து என் காதில், "எந்தக் கடைடா காலையிலயே தெறந்து வச்சிருக்கான்?" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்த டியூப்புல என்னா?"

"தண்ணிங்க" என்றேன்.

(தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். நீர் என்று சொல்லியிருக்கலாம். தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன.)

பலராமன் பக்கத்தில் வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. "மாப்ள, மனசுல எதுவும் வச்சிக்காதீங்க. எங்க வூட்ல ஒண்ணு பட்டாச்சி. ஊதுங்க."

போலீஸ்காரரிடம் ஊதுவது போல, மேளக்காரர்கள் உட்பட ஊரே பார்க்க, என் வருங்கால மாமனார் ஸ்தானத்தில் இருந்தவரின் மூக்கில் ஊதினேன். அவர் முகம் சுளித்தது.

"ஸ்பிரிட்டு வாசன அடிக்கிது."

"பெட்ரோலுங்க அது."

"இப்பல்லாம் எதையாவது கலந்துதான் குடிக்கிறானுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ தட்டுகளை எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். வாழ்க்கையில் ஒரு துளி குடிக்காமலே குடிகாரனாகி, பிடித்த பெண்ணையும் இழந்துவிட்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அழுதுவிட்டேன். அதையும் போதை என்றுதான் சொன்னார்கள்.

அப்போது செல்வி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். பாதித் தலை பின்னியிருந்தது. யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்து, தோளில் தொங்கிய டியூபைப் பிடித்து, வாயில் வைத்து இரண்டு மடக்கு உறிஞ்சினாள்.

"எலுமிச்சம்பழம். உப்பு. உப்பு ஜாஸ்தி. வேற ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "எங்கப்பா வாய மோந்து பாத்தே வளந்தவ நானு. எனக்குத் தெரியாதா? இவுரு குடிகாரன் இல்ல பெரிப்பா. வெறும் கூறுகெட்டவரு" என்றாள்.

என்னைப் பற்றி அன்றுவரை யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

பந்தலில் வேறொரு சலசலப்பு. அவளுடைய அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஐயையோ, பூ வைக்கறதுக்கு முன்னாடியே எச்சத் தண்ணிய குடிச்சிட்டாளே" என்றார். செல்விக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்து முகம் சிவந்தது. பலராமன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் ஆட்டுத்தாடியையும் பார்த்தார்.

"எச்ச குடிச்சாச்சி. இனிமே பேசி என்னா ஆவப் போவுது. ஜல்தி, பூவ எடுங்க" என்றார்.

பூவை எடுக்க முடியவில்லை. பீரோக் கைப்பிடியில் மணல் போய்ச் சிக்கிக்கொண்டது. கடைசியில் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். காற்றுக்கூட நுழையாது என்று நான் சொன்ன பெட்டியில் பெட்ரோல் நன்றாக நுழைந்திருந்தது. வேறு பூ வாங்க நேரமில்லை. அதையே அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு செல்வியின் தலையில் வைத்தார். குத்துவிளக்கைக் கும்பிடப் போனவளை நாலு பேர் பாய்ந்து பிடித்து இழுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் விளக்கை அணைத்துவிட்டு நடந்த ஒரே பூ வைப்பு அதுதான்.

இமயமலைக்கு நான் போகவில்லை. வண்டியை விற்றாயிற்று. ஒரு பீரோவில் கேப்பை கொட்டி வைத்திருக்கிறோம், இன்னொன்றில் என் மகளின் பொம்மைகள். புதிதாக யார் வந்தாலும் பலராமன் பெரியப்பா என்னை அறிமுகப்படுத்துகிற விதம் மாறவில்லை. "எங்க மாப்ள ஆஃப் ரோடுங்க. முழு ரோடு இன்னும் போனதில்ல."

வீட்டுக்கு நான் தாமதமாக வந்தால் செல்வி ஒன்றும் கேட்பதில்லை. மகளை வாசலுக்கு அனுப்பிவிடுவாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, ஊது" என்கிறது. நான் செருப்பைக் கழற்றி, குனிந்து, ஊதுகிறேன். அது கண்ணை மூடி நிதானமாக மோந்து பார்க்கிறது.

"பெட்ரோல் இல்ல. உள்ள வா."