ஆணியில் தொங்கிய ரொட்டி

"அப்பா, நமன்கான் பஸ் நிலையத்துல நிக்கிறேன். மத்தியானத்துக்குள்ள வீட்டுல இருப்பேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, திடீர்னு வந்து நிக்கணும்" என்றான் நோதிர் போனில்.

"சரிடா" என்றார் மஹ்கம். கண் இன்னும் புத்தகத்தில்தான் இருந்தது. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் யாரோ கிணற்றில் பிணத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என் ரொட்டி ஆணியில பத்திரமா இருக்குல்ல?"

"இருக்குடா, எங்க போகப் போகுது?"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. ரொட்டியைச் சுற்றியிருந்த பூவேலைத் துணி அவர் மடியில் கிடந்தது. துணி நிறைய ரொட்டித் துணுக்குகள்.

சூஸ்த் ஊரில் பட்டாளத்துக்குப் போகிறவன் ஒரு ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவான். மிச்சம் சுவரில் தொங்கும். திரும்பி வந்து அவனேதான் அதைத் தின்று முடிக்க வேண்டும். அந்த ரொட்டிதான் அவனை வீட்டுக்கு இழுத்து வரும் கயிறு. அந்தக் கயிற்றை மஹ்கம் பச்சைத் தேநீரில் முக்கித் தின்றுவிட்டார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமில்லை. பஞ்சாலையில் இரவுக் காவல் முடித்து வந்தால் தூங்க மாட்டார், படிப்பார். கொலை நடக்கிற பக்கங்களில் கை தானாக எதையாவது தேடும். ஒருமுறை விருந்தாளிகளுக்கு வைத்திருந்த வாதுமையை ஓட்டோடு மென்றிருக்கிறார். ஆனால் இது வாதுமை இல்லை. மகன் போனதிலிருந்து மனைவி சபோஹத் தொப்பி தைக்கும்போது நாலு தையலுக்கு ஒருமுறை அந்த ஆணியை நிமிர்ந்து பார்ப்பாள். மஹ்கம் பார்ப்பதே இல்லை. அதைப் பார்த்தால் மகன் நினைப்பு வந்துவிடும். ஒரு வருடமாக அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் அவர் இவ்வளவு புத்தகம் படித்தார்.

சபோஹத் கால்வாய்க் கரைக்குக் காட்டுக்கீரை பறிக்கப் போயிருந்தாள். சமோசாவுக்கு இரண்டு கூடை பறித்துக்கொண்டு மத்தியானம் வந்துவிடுவாள். இரண்டரை மணி நேரம் இருந்தது.

சமையலறைக் கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தார். அவருடைய முன்பற்கள் நான்கும் தங்கப்பல், இடைவெளியே கிடையாது. நோதிருக்கு முன்பற்களுக்கு நடுவே சந்து உண்டு. அவன் கடித்தால் கடியின் நடுவில் ஒரு முனை நிற்கும். இவர் கடித்த இடம் எலி வளை மாதிரி இருந்தது. இன்னொன்றைக் கடித்தார். மூன்றாவதையும் கடித்தார், கூடை காலியானது.

இந்த ஊரில் இப்படிப் பல்சந்து உள்ள இன்னொரு ஆள் அடுத்த வீட்டு ஹோசியத் மட்டும்தான். முழங்கால் வலியால் கீரைக்குப் போகாமல், முற்றத்தில் தந்தூர் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"அக்கா, உங்க பல்லு வேணும்."

"ஏன், உன் பல்லை அடகு வச்சுட்டியா?"

அவர் நடந்ததைச் சொன்னார். ஹோசியத் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் இருமினாள். மாவுத் தூசி என்று மஹ்கம் நினைத்தார்.

"சிரிக்காதீங்க அக்கா. அவளுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவா."

"யாரு சிரிச்சா? தண்டனை உனக்கு இருக்கு. நீதான் தின்னே, நீயே சுடு. மாவு தயாரா இருக்கு. ஆனா நான் ரொட்டிக்குக் குத்துற அச்சு வட்டம், சபோஹத்தோடது எட்டிதழ்ப் பூ. ஓடிப்போய் அவ அச்சை எடுத்துட்டு வா."

ஓடினார். அச்சு எங்கே இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தையல் பெட்டியைக் கவிழ்த்தார். பட்டு நூல்கண்டுகள் உருண்டு, ஒன்றோடொன்று சிக்கி, அறை முழுவதும் வலை பின்னின. பாதித் தைத்த இரண்டு தொப்பிகளை மிதித்தார். அச்சு மாவுப் பானையின் மேல், கண்ணெதிரே இருந்தது.

ரொட்டியைத் தட்டினார், நடுவில் பூ குத்தினார். அடுப்புக்குள் குனிந்து சுவரில் அறைந்தார். அது ஒட்டவில்லை, தணலில் விழுந்து புகைந்தது. கூடவே இடது புருவம் போயிற்று. இரண்டாவது ஒட்டிக்கொண்டது. சிவந்ததும் எடுத்து, பறக்கிற அவசரத்தில் பலகையில் தலைகீழாக வைத்தார்.

"அட பாவி, ரொட்டியைக் கவுத்து வைக்கிறானே, ஆகாதுடா! திருப்பு!" என்று ஹோசியத் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு ரொட்டியை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்காமல், பூவின் மூன்றாம் இதழுக்கு நேராக ஒரே கடி கடித்தாள். நடுவில் முனை நின்றது. நோதிரே கடித்த மாதிரி இருந்தது.

"உப்பு கம்மி" என்றாள் மென்றபடி. "ஆனா தம்பி, இது மெத்துன்னு இருக்கே. ஒரு வருஷத்து ரொட்டி கல்லா இருக்கணுமே."

"நான் தின்னது அப்படி ஒண்ணும் கல்லா இல்லையே அக்கா. தேநீர்ல முக்கினதும் இளகிடுச்சு."

ஹோசியத்துக்கு மறுபடியும் இருமல். "உனக்கு நல்ல பல்லு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மஹ்கமுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பல் வரிசைக்காக இரண்டு செம்மறிகளை விற்றவர் அவர்.

வீட்டுக்கு வந்து, ரொட்டியின் ஈரத்தை வாங்கிவிட்டால் இறுகும் என்று கணக்குப் போட்டு, துணியில் சுற்றி இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினார். ரொட்டி இறுகவில்லை. துணி கருகியது. சபோஹத் மூன்று நாள் உட்கார்ந்து தைத்த மகன் பெயரில் முதல் எழுத்து காணாமல் போயிற்று. கருகின பக்கத்தைச் சுவரோடு வைத்து ஆணியில் மாட்டும்போதே வாசல் கதவு திறந்தது.

சபோஹத் இரண்டு கூடைகளோடு உள்ளே வந்தாள். அறை முழுவதும் பின்னிக் கிடந்த பட்டு நூலைப் பார்த்தாள். கணவனின் ஒற்றைப் புருவத்தைப் பார்த்தாள். சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மூணு ரொட்டி கடிச்சு வச்சிருக்கு. யார் யாரு பட்டாளத்துக்குப் போறாங்க?"

"பசிச்சுது."

"மூணுலயுமா?"

அதற்குள் வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. நோதிர் வாசலில் நின்றான். கூடைகள் கீழே விழுந்தன. சபோஹத் கீரையை மிதித்துக்கொண்டே ஓடிப்போய் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

மஹ்கம் நின்ற இடத்திலிருந்தே எண்ணிப் பார்த்தார். இரண்டு கை, இரண்டு கால், ஒட்டவெட்டிய தலை, சிரிக்கும்போது நடுவில் அந்தச் சந்து. ஒன்றும் குறையவில்லை. கடவுளே, ரொம்ப நன்றி என்று மனதுக்குள் சொன்னார். அவர் சாதாரணமாகக் கடவுளிடம் பேசுகிறவர் இல்லை.

"அப்பா, புருவம் எங்க?"

"பஞ்சாலையில ஒரு வேலை, அதுல போச்சு. நீ உட்காரு."

"முதல்ல ரொட்டிம்மா" என்றான் நோதிர். "ராத்திரி நடுங்கிக்கிட்டு நிக்கும்போதெல்லாம் அதைத்தான் நெனச்சுக்குவேன். நம்ம வீட்டுல ஒரு ரொட்டி எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு, அதைத் திங்காம சாகக் கூடாதுன்னு."

மஹ்கம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

சபோஹத் பொட்டலத்தை இறக்கினாள். கருகின ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். அவிழ்த்தாள். ரொட்டியைத் தொட்டவள் கையை எடுத்தாள்.

"சுடுது."

"வெயில்" என்றார் மஹ்கம்.

"இது வடக்குச் சுவர்."

நோதிர் கையை நீட்டினான். அவள் ரொட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "பொறுடா" என்றாள்.

அதற்கு மேல் மஹ்கமால் முடியவில்லை. பொய் ரொட்டியைப் பிள்ளைக்குக் கொடுப்பதா? நாளைக்கு அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூடத் தன்னால்தான் என்று சாகும்வரை தோன்றும்.

"அதைக் குடுக்காதே. நிஜ ரொட்டியை நான் தின்னுட்டேன். காலையில, படிச்சுக்கிட்டே. எனக்கே தெரியலை. இனிமே புத்தகத்தைத் தொட மாட்டேன் சபோஹத். என்னை என்ன வேணா பண்ணிக்கோ."

சபோஹத் கத்தவில்லை. அழவில்லை. ரொட்டியை ஓரமாக வைத்தாள்.

"தேநீர்ல முக்கியா, தயிர்ல தொட்டா?"

"தேநீர்ல."

"தேநீர்லதான், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு ஹோசியத் வந்தாள். கையிலிருந்த வெள்ளைப் பொட்டலத்தை அவிழ்த்து, கல்லாய்க் காய்ந்த ஒரு ரொட்டியை நோதிரின் உள்ளங்கையில் நிமிர்த்தி வைத்தாள்.

"இந்தா கண்ணு, நீ கடிச்சது இதுதான், நீ போன அன்னிக்கே உங்கம்மா என் பெட்டியில வச்சுப் பூட்டச் சொல்லிட்டா, அந்த ஆணியில தொங்கினதெல்லாம் உங்கப்பா தின்னத் தின்ன நான் கடிச்சுக் குடுத்தது, இன்னிக்குத் தின்னது எட்டாவது."