நிண்டக்கா ஆசனத்தில் இல்லை

கதிரை, வாங்கு, பஸ் சீட், ஸ்கூட்டர் சீட் என்று மட்டக்களப்பு மாவட்டத்தில் குந்துவதற்காகச் செய்யப்பட்ட சகல பொருட்களோடும் பகை கொண்டிருந்த ஒரே அரச உத்தியோகத்தர் எங்கள் நிண்டக்காதான். எந்நேரமும் நின்றுகொண்டிருந்ததால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் வரவுப் பதிவேட்டுக்குள் மட்டும் பத்திரமாக இருந்தது.

வாவியைப் பார்த்து யன்னல் திறக்கிற அந்தக் காரியாலயத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, மூன்று இழுப்பு லாச்சி வைத்த இரும்புப் பெட்டகத்தின் மேல் கடிதக் கோவையை விரித்து, நின்றபடி எழுதிக்கொண்டிருந்தார். மரியாதை தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

"குந்துங்கக்கா."

"நீ குந்து மனே. எனக்கும் அதுக்கும் ஆறு வருசமாக் கதை பேச்சில்ல."

இளைய மகள் பிறந்தபோது பிரசவம் இரண்டு நாள் இழுத்ததாம். லீவு முடிந்ததும் உன்னிச்சையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில், பள்ளத்துக்கு நடுவே கொஞ்சம் ரோட்டும் இருந்த ஒரு பாதையில் வந்து போயிருக்கிறார். ஒரு நாள் இடுப்புக்குக் கீழே எரிவு தொடங்கியது. "மிளகாய்த் தூளுக்க குந்தின மாதிரி" என்பார். எழுந்தால் குறையும், குந்தி ஐந்து நிமிடத்தில் திரும்பவும் பற்றிக்கொள்ளும். வீட்டில் பிள்ளைகள் சாப்பிடக் குந்தினால் அவர் சோற்றுக் கோப்பையோடு குசினி வாசலில் நிற்பார். ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் தூணோடு நின்றவரைப் பரிமாறுகிற ஆளென்று நினைத்து யாரோ சொதி கேட்டார்கள். நிண்டக்கா வாளியை எடுத்து இரண்டு சுற்று ஊற்றிவிட்டுத்தான் வந்தார்.

வைத்தியர்களிடம் போகாமல் இல்லை. முதலாமவர் சிறுநீர் சோதித்தார். இரண்டாமவர், முதலாமவரில் நம்பிக்கை இல்லாததால் மறுபடியும் சிறுநீர் சோதித்தார். மூன்றாமவர் ஸ்கேன் எடுத்து எல்லாம் நல்லாயிருக்கிறது என்று எழுதினார். நான்காமவர் பேனையை மூடிவிட்டு, "கன யோசிக்காதீங்க" என்றார்.

"நான் யோசிக்கல்ல டொக்டர். நோகுது."

வைத்தியர்கள் விட்ட இடத்தைக் காரியாலயம் நிரப்பியது. பிரதம எழுதுவினைஞர் காலையில் இரண்டு கதலி வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார். தபால் பிரிவு அம்மா, "மூண்டாவது ஒண்டையும் பெத்துப் பாருகா, எல்லாம் சரியாகும்" என்றார். மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைக்கச் சொன்னதை மட்டும் நிண்டக்கா உடனே கேட்டார். அமிர்தகழிக் கோயிலுக்குப் போய்வந்து, "அங்க எல்லாரும் நிண்டுதானே கும்பிடுறாங்க. ஒருத்தரும் என்னை ஒரு மாதிரிப் பாக்கல்ல" என்று சந்தோஷப்பட்டார்.

ஆலோசனை கூடியபோது ஒரு சட்டம் கொண்டுவந்தார்: ஆலோசனை சொல்ல வருகிறவர்களும் நின்றுதான் சொல்லவேண்டும். அரை மணித்தியாலம் ஓடக்கூடிய வைத்தியக் குறிப்புகள் இரண்டு நிமிடத்தில் முடியத் தொடங்கின.

அவருக்கு மூலம் என்று கதை பரவியபோது, தேநீர் நேரத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "மூலமில்ல. என்னெண்டு எனக்கே தெரியா. தெரிஞ்ச அண்டைக்கு நானே இதில நிண்டு சொல்றன்."

அப்போதுதான் புதுப் பணிப்பாளர் வந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்து, கதிரையில் ஆள் இருந்தால் வேலை நடக்கிறது என்று முடிவுகட்டுகிற மனிதர். மூன்று தடவை எட்டிப் பார்த்தார். மூன்று தடவையும் நிண்டக்காவின் கதிரை காலி. கடிதம் வந்தது: "கடமை நேரத்தில் தாங்கள் தங்களது ஆசனத்தில் இல்லாதிருந்தமை அவதானிக்கப்பட்டுள்ளது. ஏழு நாட்களுக்குள் விளக்கமளிக்கவும்."

நிண்டக்கா பதில் எழுதினார்: "நான் ஆசனத்தில் இல்லாதிருந்தமை உண்மை. ஆசனத்தில் எனது கைப்பை இருந்தது. மூன்றாவது தடவை தாங்கள் எட்டிப் பார்த்தபோது நான் இரண்டு முழம் தள்ளி நின்று, விளக்கம் கோரும் தங்களது மேற்படி கடிதத்தைத் தட்டச்சுச் செய்து, தங்கள் கையொப்பத்துக்காக அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன்."

உண்மைதான். தட்டச்சு அவருடைய பிரிவு.

பணிப்பாளர் அவரை வைத்தியச் சபைக்கு அனுப்பினார். அங்கே மூன்று மணித்தியாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கு இருந்தும் அவர் நின்றார். படிவத்தில் நிற்க முடியுமா, நடக்க முடியுமா, பாரம் தூக்க முடியுமா என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஓம். குந்த முடியுமா என்று ஒரு கேள்வி இல்லை. "நீண்ட நேரம் நிற்கும் ஆற்றல் உண்டு. கடமைக்கு முழுத் தகுதி" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதைப் பெட்டகத்தின் மேல் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றார். 

"வேலையை விடுவம் எண்டு நினைக்கன் மனே. பொய் சொல்றாள் எண்டு எழுதியிருந்தாலும் தாங்குவன். நல்லாயிரிக்காள் எண்டு எழுதிட்டாங்க."

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இரண்டு மாதம் கழித்து, பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனிக் கிளினிக் நடப்பதாக அறிந்தோம். கணவர் வயல்வட்டையில் அறுவடையில் நின்றதால் நான் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஏற்றினால் நெரிசலில் நசுங்குவார், காரில் குந்தமாட்டார். தெரிந்தவரின் சின்ன லொறியை இரவல் வாங்கினேன். பின்னால் கம்பியைப் பிடித்தபடி ஒன்றரை மணித்தியாலம் நின்று வந்தார். சந்திக்குச் சந்தி சனங்கள் தேர்தல் வந்துவிட்டதென்று நினைத்துக் கைகாட்டினார்கள். நிண்டக்காவும் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

நான் விறாந்தையில் காத்திருந்தேன். உள்ளே போனவர் முக்கால் மணித்தியாலம் கழித்து, கண்ணும் மூக்கும் சிவந்து வெளியே வந்தார்.

"பேர் இரிக்கு மனே! அதுக்கு ஒரு பேர் இரிக்கு!"

உள்ளே இருந்தவர் ஒரு இளம் பெண் வைத்தியர். குந்தினால் கூடுமா, நின்றால் குறையுமா என்று கேட்டவர், பிறகு, "டொய்லட் சீட்டில குந்தினா?" என்றாராம்.

"இத்தின வருசத்தில ஒருத்தரும் அதைக் கேக்கல்ல மனே. அதில மட்டும் நோகாது. நான் வீட்டில பேப்பர் வாசிக்கிறதே அங்கதான்!"

இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளே ஓடுகிற ஒரு நரம்பு நசுங்கிச் சினந்துபோயிருக்கிறது. வளையத்தில் குந்தும்போது அதில் பாரம் விழாது. அதனால்தான் அங்கே நிம்மதி. இவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் தேநீர் நேரத்தில் வாக்கைக் காப்பாற்றினார். பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் படம் கீறி, அந்த நரம்பு முன்னுக்கு எங்கே போகிறது, பின்னுக்கு எங்கே போகிறது என்று ஒன்றும் விடாமல் விளக்கினார். பிரதம எழுதுவினைஞர் ஒரு கோவைக்குள் முகத்தைப் புதைத்தார். கோவை தலைகீழாக இருந்தது. சிற்றூழியர் படத்தை உற்றுப்பார்த்து, "இந்த ரோட்டுப் படத்தில கல்லடிப் பாலம் எது அக்கா?" என்று கேட்டார்.

வைத்தியம் ஒரே நாளில் நடக்கவில்லை. நரம்பு வலிக்கான குளிசையைச் சிறிய அளவில் தொடங்கினார்கள். அந்தக் குளிசை மயக்கத்தில் முதல் வாரம் பெட்டகத்தில் சாய்ந்து குதிரை மாதிரி நின்றபடி தூங்கினார். நரம்பைச் சுற்றி ஒரு ஊசி போட்டார்கள். கதிரையில் போட்டுக் குந்த, நடுவில் வெட்டிய பஞ்சு மெத்தை ஒன்று வந்தது. பயிற்சி கொடுத்த பெண், அடிவயிற்றுக்குக் கீழுள்ள தசைகளை இறுக்காமல், மூச்சை ஆழமாக விட்டுத் தளர்த்தப் பழக்கினார். காரியாலய நேரத்தில் உடம்பைத் தளர்த்துவதில் நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவர்கள். அதைப் பயிற்சி எடுத்துச் செய்தவர் அவர் ஒருவர்தான். குந்தக்கூடிய ஐந்து நிமிடம் பத்தானது. ஒரு வருடத்தில் நாற்பது. இடையில் பழையபடி எரிகிற நாட்களும் வந்தன. அப்போது யாராவது சுகமா என்று கேட்டால், "இண்டைக்கு இல்ல" என்று மட்டும் சொல்வார்.

ஒரு மத்தியானம் பணிப்பாளர் எங்கள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். கோவைக் குவியலுக்குப் பின்னால் நான் இருந்தது அவருக்குத் தெரியாது.

"மிஸ், என்ட கூட்டாளி ஒருத்தருக்கு உங்கட மாதிரி ஒரு கரைச்சல்…"

"கூட்டாளிக்கு எத்தின வருசமா சேர்?"

"நாலு."

"கூட்டாளி காலையில சைக்கிள் ஓடுறவரோ?"

தினமும் விடிய இறுக்கமான காற்சட்டையோடு வாவியைச் சுற்றிச் சைக்கிள் ஓடுகிற பணிப்பாளர், கூரையைப் பார்த்து, "ஓம்" என்றார்.

நிண்டக்கா சிரிக்கவில்லை. கிளினிக் நாளை எழுதிக் கொடுத்தார். தன் மெத்தையைக் கதிரையில் வைத்து, "கூட்டாளிக்காக நீங்க ஒருக்காக் குந்திப் பாருங்க சேர்" என்றார். அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது: உத்தியோகத்தர்கள் நின்றும் கடமையாற்றலாம்.

போன வருடம் ஊருக்குப் பக்கத்துக் காரியாலயத்துக்கு இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். ஒரு ஞாயிறு, "இண்டைக்குப் புள்ளைகளோட ஒண்டாக் குந்திச் சோறு திண்டன் மனே" என்றார். என்ன கறி என்று கேட்டேன். மற்ற ஞாயிறுகளில் எனக்கு எங்கே நோகிறது என்று விசாரணை நடக்கும். ஒன்றுமில்லை என்றால் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவார். அதனால் இப்போதெல்லாம் சனிக்கிழமையே யோசித்து, இல்லாத ஒரு முழங்கால் வலியைத் தயாராக வைத்திருக்கிறேன்.