பதினோரு வருடமாக வராத தம்பி

கிளீவ்லாந்து,
ஜூன் 28

அன்பும் மரியாதையும் நிறைந்த எர்னஸ்டீன் அக்காவுக்கு, தம்பி லூஷியஸ் எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டி வெர்னீட்டாவும், என் முழங்கால் நீங்கலாக, சுகம். அலபாமாவில் நீயும் உன் கோபமும் சுகம்தானே.

"இந்த வருஷமும் குடும்பக் கூடலுக்கு வராட்டி என் சாவுக்கும் வராதடா" என்று போனில் சொன்னாயே, அதற்குப் பதில்தான் இது. பதினோரு வருடம் நான் ஏன் வரவில்லை என்று உனக்கே தெரியும். நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று இந்தப் பஸ் கம்பெனிக்காரன் விடிகாலையில் கூப்பிட்டு "உடனே வா" என்பான், நான் துடைப்பத்தோடு ஓடுவேன். பத்தொன்பது வருடம் அந்தப் பணிமனையைப் பெருக்கினேன். நம்ம கறுப்பு ஆளுங்களுக்குத் துடைப்பம், நேற்று வந்த வெள்ளைக்காரனுக்கு ஸ்பேனர், கேட்டால் "அவன் பயிற்சி எடுத்தவன்பா." நம்மை எவன் பயிற்சிக்குக் கூப்பிட்டான்?

போன வருடம் நகர மன்றத்தார், அவர்கள் நன்றாயிருக்கட்டும், ஒரு விதி போட்டார்கள். அரசுப் பணத்தில் பயிற்சி நடத்துகிற கம்பெனி பெருக்குகிறவர்களுக்கும் அதில் இடம் தர வேண்டும், படிக்கிற நாளுக்கும் சம்பளம் தர வேண்டும், எந்த நிறத்தவர் எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்று ஊரறியச் சொல்ல வேண்டும், வேலை நாட்களை இரண்டு வாரம் முன்பே எழுதித் தர வேண்டும். ஐம்பத்து நாலு வயதில் வகுப்புக்குப் போனேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் வகுப்பறையைப் பெருக்கிவிட்டேன். ஆசிரியை பெட்டிஃபோர்ட் அம்மா வந்து, "லூஷியஸ், அதைக் கீழ போடுங்க, உங்க என்ஜின் அங்க இருக்கு" என்றார். அக்கா, அழுதுவிட்டேன். இப்போது நான் பஸ் மெக்கானிக்.

ஜூலை பன்னிரண்டு, கூடல் நாள், எனக்கு லீவு. வேலை நாள் பட்டியலை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம். நேற்று மேலாளர் கூப்பிட்டு, "பன்னெண்டாம் தேதி வர முடியுமா?" என்றார். வாய் தானாக, "வரேங்க சார்" என்றுவிட்டது. வெர்னீட்டா பார்த்த பார்வையில் திரும்பக் கூப்பிட்டு, "முடியாதுங்க, எங்கக்கா கோவமா இருக்காங்க" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். முன்பெல்லாம் அப்படிச் சொன்னவனை மறுநாள் கூப்பிடவே மாட்டார்கள்.

ஆகவே வருகிறேன். உன் உருளைக்கிழங்கு சாலட் ஒரு பாத்திரம் தனியாக எடுத்து வை. மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உன் தம்பி
லூஷியஸ்

பி.கு.: மேலே ஒரு பொய் எழுதிவிட்டேன். பதினோரு தடவையில் கம்பெனி கூப்பிட்டது நாலு தடவைதான். மற்ற ஏழு தடவையும் கோட்டு மாட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கூடலில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொருத்தரும் எழுந்து நின்று பேரையும் பார்க்கிற வேலையையும் சொல்ல வேண்டுமே, அக்கா. இந்தத் தடவை முதலில் என்னை எழுந்திருக்கச் சொல்.